இணையவழி மாணவர்களும் கூட்டுக் கற்றல் கருவிகளும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

கூட்டுக் கற்றல் கருவி என்பது, ஒரே இடத்தில் இல்லாத மாணவர்கள் ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய உதவும் இணைய வசதி ஆகும். பலர் ஒரே நேரத்தில் எழுதவும் திருத்தவும் இடம் தரும் கூகுள் டாக்ஸ் போன்ற பகிர்வு ஆவணங்கள், விக்கிப் பக்கங்கள், மூடில், கூகுள் கிளாஸ்ரூம் போன்ற தளங்களில் உள்ள குழுப்பணிப் பகுதிகள், எல்லாரும் சேர்ந்து வரையும் மின்பலகைகள், வாட்ஸ்அப் குழுக்கள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றை ஒரு மாணவர் தம் படிப்புக்கு உதவுவதாக உணர்ந்து, தாமாகவே பயன்படுத்தத் தொடங்குவதை 'ஏற்பு' என்கிறோம். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக உள்ளே நுழைந்து பெயரைப் பதிவு செய்துவிட்டு வெளியேறுவது ஏற்பு ஆகாது. ஆனால் பல நிறுவனங்கள் உள்நுழைந்தோர் எண்ணிக்கையைத்தான் ஏற்பு என்று கணக்குக் காட்டுகின்றன.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இணையவழி மாணவர் என்பவர் யார்? தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிக்கும் கடை ஊழியர், வீட்டில் இருந்தபடி முதுகலை படிக்கும் குடும்பத் தலைவி, கல்லூரிப் படிப்போடு என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றையும் எடுத்திருக்கும் பொறியியல் மாணவர், போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர் எனப் பலர். கொரோனா காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருமே இணையவழி மாணவர்கள் ஆனார்கள். இவர்களுடைய சூழல், இத்துறை நூல்களில் வரும் மாணவரின் சூழலிலிருந்து பல வகையில் மாறுபட்டது.

கூடிக் கற்பது புதிதன்று

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொருவர் இருந்தார். மூத்த மாணவரான அவரே இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ஒப்புவிக்கவும் செய்வார். சென்னையில் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் விரலால் எழுதிப் பழகும் ஊர்ப்பிள்ளைகளைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கு வளர்த்தெடுத்தார். அதைப் பற்றி 1797 இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் பரவியது.

ஆனால் சட்டாம்பிள்ளை முறையில் அறிவு ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மட்டுமே பாய்கிறது. கூட்டுக் கற்றல் என்று இன்று சொல்வது அதுவன்று. ஐந்து பேர் ஒரு கட்டுரையை ஐந்து பகுதியாகப் பிரித்து, தனித்தனியே எழுதி, கடைசி இரவில் ஒட்டிக் கொடுப்பதும் அதுவன்று. அது வேலைப் பங்கீடு. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, கேள்வி கேட்டு, மாற்றி, அந்த மாற்றத்தால் முதலில் எழுதியவரின் புரிதலும் மாறுவதே கூட்டுக் கற்றல். தனியாகச் செய்ய முடியாததை, சற்றே கூடுதலாகத் தெரிந்தவரின் துணையோடு ஒரு பிள்ளையால் செய்ய முடியும். அந்த இடைவெளியில்தான் கற்றல் நிகழ்கிறது என்று ருசிய உளவியலாளர் இலெவ் வைகோட்ஸ்கி விளக்கினார். பி.எட். படித்தவர்கள் எல்லாரும் தேர்வுக்காகவேனும் இதை மனப்பாடம் செய்திருப்பார்கள்.

ஏற்பு பற்றிய கோட்பாடுகள்

ஒரு புதிய கருவியை மனிதர் ஏன் ஏற்கிறார், ஏன் ஒதுக்குகிறார் என்ற கேள்விக்கு அதிகம் எடுத்தாளப்படும் விடை, அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டேவிஸ் 1989 இல் வெளியிட்ட 'தொழில்நுட்ப ஏற்பு மாதிரி'. அது இரண்டு காரணிகளை முன்வைக்கிறது. ஒன்று, இது எனக்குப் பயன்படும் என்ற எண்ணம். மற்றொன்று, இதைக் கையாள்வது எளிது என்ற எண்ணம். இவ்விரண்டும் இருந்தால் பயன்படுத்தும் விருப்பமும், அதைத் தொடர்ந்து பயன்பாடும் வரும் என்பது அதன் சாரம்.

பின்னர் 2003 இல் விஸ்வநாத் வெங்கடேஷ், டேவிஸ் உள்ளிட்ட நால்வர், அதுவரை வந்த பல மாதிரிகளை ஒன்றுசேர்த்து நான்கு காரணிகளாகத் தொகுத்தனர். கருவியால் கிடைக்கும் பலன், அதற்காகப் படவேண்டிய சிரமம், சுற்றியிருப்போரின் செல்வாக்கு, அதைப் பயன்படுத்தத் தேவையான வசதி ஆகியவை அவை. இணையவழிக் கல்வியை ஆராயும் கட்டுரைகளில் இந்த இரு மாதிரிகளையும் அடிக்கடி காணலாம். மாணவரிடம் வினாப்படிவம் கொடுத்து, 'முழுமையாக உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை குறிக்கச் சொல்வதே வழக்கமான ஆய்வு முறை.

இக்கோட்பாடுகள் தவறானவை அல்ல. ஆயினும் இவை பிறந்த இடம் அலுவலகம். மேசையில் ஆளுக்கொரு கணினி இருக்கும் இடத்தில், ஏற்பு என்பது அந்தத் தனிமனிதரின் முடிவு. நம் பக்கத்துக் கிராமங்களில் அது வீட்டின் முடிவு. நான்காவதாகச் சொல்லப்படும் 'வசதி' என்பதை இங்கே முதலாவதாக வைத்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கைப்பேசி யாருடையது?

தமிழ்நாட்டில் 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. 10, 12 ஆம் வகுப்புகளுக்கு 2021 சனவரி 19 அன்று திறந்து, இரண்டாம் அலையில் மீண்டும் மூடி, 9 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு நவம்பர் 1 அன்றும் திறந்தனர். சிறு பிள்ளைகள் ஏறத்தாழ இருபது மாதம் பள்ளியைக் காணவில்லை. 2019 இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், ஆசிரியர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும்தான் பலருக்கு வகுப்பறை.

நாடு முழுவதும் ஊரகப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுள் வீட்டில் திறன்பேசி உள்ளோர் 2018 இல் 36.5 விழுக்காடு, 2021 இல் 67.6 விழுக்காடு. மூன்றாண்டில் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் அதே 2021 அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: வீட்டில் திறன்பேசி இருந்தும், 26.1 விழுக்காட்டுப் பிள்ளைகளின் கைக்கு அது வருவதே இல்லை.

இதன் பொருள் என்ன என்பதை மரக்காணம் பக்கத்து உப்பளத்துக்கோ, புதுச்சேரி ஆலைக்கோ விடியற்காலையில் கிளம்பும் ஒரு தந்தையை நினைத்தால் புரிந்துகொள்ளலாம். கைப்பேசி அவரோடு கிளம்பிவிடும். திரும்பி வரும்போது இரவு எட்டு மணி, மின்கலத்தில் பத்து விழுக்காடு. அண்ணன் கல்லூரியில் படித்தால் முதல் உரிமை அவனுக்கு. தங்கைக்கு முறை வருவதற்குள் ஊர் உறங்கிவிடும். பதிவு செய்த பாடத்தைக்கூட இரவு பத்து மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டிய குழுப்பணிக்கு என்ன செய்வது? தனியாகக் கற்பதற்கு ஒரு கைப்பேசி கிடைத்தால் போதும். கூடிக் கற்பதற்கு நான்கு வீட்டுக் கைப்பேசிகளும் ஒரே மணியில் ஓய்வாக இருக்க வேண்டும். கூட்டுக் கற்றல் கருவிகளின் ஏற்பு மற்ற இணையவழிக் கருவிகளின் ஏற்பைவிடக் கடினமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

அரசும் இதை ஓரளவு உணர்ந்தே இருந்தது. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை, ஏறத்தாழ 9.7 இலட்சம் கல்லூரி மாணவருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவை இலவசமாக வழங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகேயுள்ள முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 1 முதல் 8 ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளைத் தெருவுக்குத் தெரு மாலையில் கூட்டி, தன்னார்வலர் பாடம் சொல்லித்தரும் ஏற்பாடு அது. திரை வழியே தவறவிட்டதைப் பாயில் வட்டமாக அமர்த்தி மீட்கப் பார்த்தார்கள். கைப்பேசி இல்லாத பிள்ளைக்கும் அந்த வட்டத்தில் இடம் இருந்தது.

வாட்ஸ்அப் வென்றதும், அதற்குக் கொடுத்த விலையும்

மூடில், கிளாஸ்ரூம், மின்பலகை எதுவும் பெறாத ஏற்பை வாட்ஸ்அப் பெற்றது. காரணம் எளிது. அது முன்பே எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. கடவுச்சொல்லை நினைவில் வைக்கத் தேவையில்லை. மின்னஞ்சல் முகவரி தேவையில்லை. எழுத வராவிட்டால் குரலில் பேசி அனுப்பலாம். டேவிஸ் சொன்ன எளிமை, வெங்கடேஷ் சொன்ன சுற்றத்தார் செல்வாக்கு இரண்டும் அதில் ஒருங்கே அமைந்தன.

ஆனால் வாட்ஸ்அப் பேசுவதற்கான கருவி. சேர்ந்து எழுதுவதற்கானது அன்று. காலையில் கேட்ட நல்ல சந்தேகம் மதியத்துக்குள் வாழ்த்துப் படங்களுக்கும் 'ஓகே சார்' வரிசைக்கும் அடியில் புதைந்துவிடும். ஒருவர் விடையைப் படம் எடுத்துப் போட்டால், மற்ற நாற்பது பேரும் அதைப் பார்த்து எழுதுவார்கள். இதைக் கூட்டுக் கற்றல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதைவிடக் கவலை தரும் ஒன்று உண்டு. வாட்ஸ்அப் வகுப்புக் குழுவில் சேர்ந்தவுடன் ஒரு பெண்பிள்ளையின் எண், அல்லது அவள் தாயின் எண், குழுவில் உள்ள அனைவர் கைக்கும் போய்விடுகிறது. இரவில் தெரியாத எண்ணிலிருந்து ஒரே ஒரு 'ஹாய்' வந்தால் போதும். அடுத்த நாள் அந்த எண் குழுவில் இருக்காது. வீட்டில் காரணம் சொல்ல மாட்டார்கள். பதிவேட்டில் அவள் 'ஆர்வம் இல்லாத மாணவி' ஆகிவிடுவாள். பகிர்வு ஆவணத்தில் கைப்பேசி எண் தெரிவதில்லை. கணக்கின் பெயரும் மின்னஞ்சலுமே தெரியும். எந்தக் கருவி எளிது என்று கேட்பதோடு, எந்தக் கருவியில் பெண்பிள்ளை நீடிப்பாள் என்றும் கேட்க வேண்டும். ஏற்பு பற்றிய வினாப்படிவங்களில் இக்கேள்வியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

தமிழில் தட்டச்சு

பேச்சில் தடையின்றிக் கருத்துச் சொல்லும் மாணவர், பகிர்வு ஆவணத்தைத் திறந்ததும் ஊமையாகிவிடுவது ஏன்? விரல்தான் காரணம். தமிழ் 99 விசைப்பலகையை அரசு 1999 இலேயே அங்கீகரித்தது. ஒருங்குறியை 2010 இல் தமிழ்நாட்டு அரசு முறைப்படி ஏற்றது. ஆனால் பள்ளியில் எந்த வகுப்பிலும் பெரும்பாலான பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சைப் பயில்வதில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தோழருக்கு அனுப்பப் பழகியவர்கள், பாடக் குறிப்பை அப்படி எழுத வெட்கப்படுகிறார்கள். ஆசிரியரின் பழைய குறிப்புகளோ வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை ஆவணத்தில் ஒட்டினால் புரியாத குறிகள் வரிசை கட்டி நிற்கும்.

இதற்கு இன்று எளிய மாற்று உண்டு. 2017 முதல் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைத் தருகிறது. ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினால் தமிழ் எழுத்து வரும். ஒற்று மிகும் இடங்களில் தவறும்; விழுப்புரத்துப் பேச்சைச் சில வேளை வேறு எதுவாகவோ கேட்டுக்கொள்ளும். அந்தப் பிழைகளைத் திருத்துவதே குழுவின் முதல் வேலையாகட்டும் என்று சொல்லிப் பாருங்கள். எந்திரத்தின் பிழையைத் திருத்த யாரும் தயங்குவதில்லை. அடுத்துச் சொல்லப்போகும் தடைக்கு இது ஒரு நல்ல மருந்து.

பிறர் வரியில் கை வைக்கும் தயக்கம்

கருவி கிடைத்து, தரவு கிடைத்து, தட்டச்சும் பழகிய பிறகும் ஒரு தடை மிஞ்சுகிறது. ஓய்வுக்குப் பின் இப்பகுதியில் தொலைநிலைக் கல்வி மாணவர் சிலருக்குக் குழுவாக எழுதப் பழக்கி வருகிறேன். அவர்களுடைய ஆவணங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். ஆளுக்கொரு நிறம். ஆளுக்கொரு பத்தி. ஒருவர் எழுதியதில் வெளிப்படையான பிழை இருந்தாலும் மற்றவர் அதைத் தொடுவதில்லை. கீழே புதிதாக எழுதுவார்கள். மேலே உள்ள தவறு அப்படியே இருக்கும். சக மாணவர் எழுதியதைத் திருத்த மாணவர்கள் தயங்குகிறார்கள் என்பது பிற நாடுகளின் விக்கி வகுப்பறை ஆய்வுகளிலும் பேசப்படும் செய்திதான். நம் ஊரில் அதற்கு வலுவான காரணங்கள் கூடுதலாக உள்ளன.

தொலைநிலைக் கல்விக் குழுவில் பத்தொன்பது வயதுத் தம்பியும் நாற்பது வயது அங்கன்வாடிப் பணியாளரும் ஒன்றாக இருப்பார்கள். அக்கா எழுதியதில் நான் எப்படிக் கை வைப்பது என்று அவன் ஒதுங்குவான். அவரோ, படித்த பிள்ளைக்கு நான் என்ன சொல்வது என்று பேசாமல் இருப்பார். இதில் மரியாதையும் உண்டு, அச்சமும் உண்டு. சிவப்பு மை ஆசிரியருக்கு மட்டுமே உரியது என்று பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் பழகிய மனம், சக மாணவரின் திருத்தத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறது. பழக்கியவர்கள் நாங்கள்தானே!

சாதி பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. யார் யாரைத் திருத்தலாம் என்பதற்கு ஊரில் எழுதாத சட்டம் இருக்கிறது. திரையில் முகம் தெரியாது. ஆனால் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் எல்லாருக்கும் தெரியும். குழுவை மாணவரே அமைத்துக்கொள்ள விட்டால் தெருவாரியாகப் பிரிவார்கள். பெயர்ப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி ஆசிரியர் அமைப்பதே நல்லது.

தயக்கத்தைக் குறைக்கப் 'பரிந்துரை' முறை உதவுகிறது. கூகுள் டாக்ஸில் நேரடியாகத் திருத்தாமல், திருத்தத்தை முன்மொழிய மட்டும் இவ்வசதியைப் பயன்படுத்தலாம். பழைய வரி அழியாது; ஏற்பதா மறுப்பதா என்பதை எழுதியவரோடு பேசி முடிவு செய்யலாம். "அக்கா, இந்த ஆண்டு சரியா என்று பாருங்கள்" என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் இடலாம். அழிப்பது முடியாதவருக்குக் கேட்பது முடிகிறது.

உழைத்தவர் யார், ஊர்வலம் வந்தவர் யார்?

மயிலம் தேரோட்டத்தில் வடத்தை உண்மையில் இழுப்பவர் சிலர். தொட்டுக்கொண்டு நடப்பவர் பலர். கூட்டம் பெருகப் பெருகத் தனி ஒருவரின் இழுவிசை குறைகிறது என்பதைக் கயிறு இழுக்கச் செய்து அளந்தே பார்த்தவர், பிரெஞ்சுப் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான். அவர் முடிவுகள் 1913 இல் வெளியாயின. குழுப்பணியை மாணவர் வெறுப்பதற்கு முதன்மையான காரணமும் இதுவே. உழைக்கும் ஒருவருக்கும் உறங்கும் மூவருக்கும் ஒரே மதிப்பெண். நன்றாகப் படிக்கும் மாணவரே கூட்டுக் கருவியை முதலில் கைவிடுவார், அதில் வியப்பில்லை.

அமெரிக்க உளவியலாளர் எலியட் அரான்சன் 1971 இல் டெக்சாசில் உருவாக்கிய 'துண்டுப்படப் புதிர்' முறை இதற்கு நல்ல விடை. பாடத்தை நான்கு துண்டாக்கி, ஆளுக்கு ஒரு துண்டை மட்டும் கொடுக்க வேண்டும். மற்ற மூன்றையும் தோழரிடம் கேட்டுத்தான் அறிய முடியும். தேர்வோ முழுப் பாடத்திலிருந்தும் தனித்தனியே நடக்கும். அப்போது தோழர் சரியாக எழுதினாரா என்பது ஒவ்வொருவரின் சொந்தக் கவலையாகிவிடுகிறது. துண்டுகளுக்குக் காணொளி தேவையில்லை. ஆளுக்கு ஒரு பக்கப் படம் போதும். ஒரே நேரத்தில் கூடத் தேவையில்லை. இரண்டு நாள் அவகாசம் கொடுத்தால் இரவு பத்து மணிக்குக் கைப்பேசி கிடைப்பவரும் தம் பங்கைச் செய்வார். நான்கு பேருக்கு மேல் குழு அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரிய அளவில் நடந்தவை

சென்னை ஐ.ஐ.டி. 2020 இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பு, மாணவர்களை 'இல்லங்களாக'ப் பிரிக்கிறது. இல்லங்களுக்குக் காடுகளின் பெயர். நம் பக்கத்துப் பிச்சாவரமும் அதில் ஒன்று. பல்லாயிரம் பேர் நடுவே தொலைந்துபோகாமல் ஒரு மாணவர் தமக்கென்று ஒரு சிறு கூட்டத்தைப் பெறுவதற்கான ஏற்பாடு இது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. 2010 இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ்நாட்டு அரசுடன் இணைந்து கல்லூரி மாணவருக்கான கட்டுரைப் போட்டியை அது நடத்தியது. நம் வகுப்பறைக்கு விக்கிப்பீடியா தரும் பாடம் அதன் அமைப்பில் இருக்கிறது. அங்கே ஒரு கட்டுரை யாருக்கும் சொந்தமன்று. ஒவ்வொரு திருத்தமும் பெயரோடும் நேரத்தோடும் வரலாற்றில் பதிவாகிறது. கருத்து வேறுபாட்டைப் பேச ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பக்கம் உண்டு. பிறர் திருத்தியதை அவமதிப்பாகக் கருதாத பழக்கம் அங்கு எழுதுவோருக்கு மெல்ல மெல்லக் கைவருகிறது. ஒரு கல்லூரிக் குழு தன் ஊர்க் கோயிலையோ ஏரியையோ பற்றி அங்கே ஒரு கட்டுரை தொடங்கினால், செய்முறைப் பயிற்சிக்கு வேறு செலவு இல்லை.

ஏற்பை எப்படி அறிவது?

வினாப்படிவத்தில் மாணவர் பெரும்பாலும் ஆசிரியர் விரும்பும் விடையைத்தான் குறிப்பார். அதைவிட நம்பகமான சான்று ஆவணத்திலேயே உள்ளது. கூகுள் டாக்ஸிலும் விக்கிகளிலும் உள்ள பதிப்பு வரலாறு, யார் எப்போது எந்த வரியை எழுதினார், மாற்றினார் என்று காட்டும். இரண்டு எச்சரிக்கைகள். தந்தையின் கணக்கில் நுழைந்தால் தந்தையின் பெயரே பதிவாகும். இணைப்பை மட்டும் தொட்டு, கணக்கில்லாமல் வருவோர் பெயர் தெரியாத விலங்குகளாகத் தோன்றுவர். ஆகவே யார் எந்தக் கணக்கில் வருகிறார் என்ற பட்டியலைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் வாரம் ஒருமுறை அவ்வரலாற்றைத் திறந்து, ஒருவர் எழுதிய வரியை மற்றொருவர் திருத்திய இடங்களையும், ஓரக் குறிப்பில் கேட்ட கேள்விகளையும் மட்டும் எண்ணினால் போதும். முதல் மாதம் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் சுழியமாகவே இருக்கும். அதற்காகக் குழுவைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை. முதல் திருத்தம் பெரும்பாலும் ஓர் எழுத்துப் பிழையாகவோ, விடுபட்ட ஒற்றாகவோதான் வரும்.